முடிவு கண்ட ஆய்வும் முடிவுறாக் கடமையும்

தமிழ்ச் சிறுகதை உலகில் தனித்தடம் பதித்த புதுமைப்பித்தன் 1948ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் மறைந்தபோது அவருக்கு அகவை நாற்பத்திரண்டே. திரைப்படப் பணியின் பொருட்டுப் புனே நகருக்குச் சென்றவர் காசநோயோடு திரும்பினார்; பின்னர் எழுந்திலர். அந்நோய்க்குரிய முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. அதன் பயனை முறைப்படி நிறுவிய பிரித்தானிய ஆய்வின் முடிவும், அவர் மறைந்த அதே 1948ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

மருந்து பிறந்துவிட்டது, நோயாளியின் கட்டிலருகே அது வந்து சேரவில்லை. ஆய்வுக்கூடத்திற்கும் இல்லத்திற்கும் இடைப்பட்ட இத்தொலைவு இன்றும் முற்றக் குறைந்துவிட்டதெனக் கூறவியலாது. அன்று மருந்து வந்து சேரவில்லை. இன்று மருந்து வந்துவிட்டது, ஆய்வு கண்ட உண்மைதான் நம் வாயிலைத் தாண்டி உள்ளே வரவில்லை. இதுவே இக்கட்டுரைவழி நான் உணர்த்த விழையும் கருத்தாகும்.

பெயர் மூன்று, காரணம் ஒன்று

இந்நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் சிந்தித்தற்குரியன. உடல் தேய்வதைக் கண்டு ‘கயரோகம்’ என்றனர். எலும்பையும் உருக்கிவிடுவது எனக் கண்டு ‘எலும்புருக்கி’ என்றனர். ஓயாத இருமலைக் கண்டு ‘காசம்’ என்றனர். இம்மூன்று பெயர்களும் நோயின் விளைவைச் சுட்டுவன. காரணத்தைச் சுட்டுவன அல்ல. காரணம் அறியாத இடத்தில் அச்சம் குடிபுகுதல் இயல்பு. குலத்தின் வழி வருவது என்றும், செய்த வினையின் பயன் என்றும் மக்கள் கருதினர்.

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் மருத்துவ அறிஞர், இந்நோயை விளைவிப்பது ஒரு நுண்கிருமியே என அறிஞர் அவையில் மெய்ப்பித்துக் காட்டினார். நுரையீரற் காசமுடையவர் இருமும்போது வெளிப்படும் கிருமி காற்றின் வழியே பிறரை அடைகின்றது. எனினும், அக்கிருமி புகுந்த அனைவரும் நோயுறுவதில்லை. பெரும்பாலோர் உடலில் அது அடங்கிக் கிடக்கும். உடல்வலிமை குன்றும்போது சிலரிடத்துத் தலைதூக்கும். இவ்வுண்மையை நினைவிற் கொள்க. இதன் பயன் பின்னர் விளங்கும்.

சேத்துப்பட்டில் எழுந்த வினா

மருந்து தோன்றாத காலத்தில் ஓய்வும், தூய காற்றும், ஊட்டமான உணவுமே மருத்துவமாக இருந்தன. அதற்கெனவே ஊருக்குப் புறத்தே ‘சானடோரியம்’ எனப்படும் நலவிடுதிகள் எழுந்தன. 1928ஆம் ஆண்டில் மருத்துவர் சவுரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய விடுதி அவ்வகையினது. அதன் பெயரை அங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆனால் நோயாளிகளோ பல இலட்சம்; படுக்கைகளோ சில ஆயிரம். படுக்கை கிட்டாத ஏழை இறப்பதன்றி வேறு வழியில்லையா?

இவ்வினாவிற்கு விடை காணவே 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாய்வு நடுவம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்நடுவத்தின் வளர்ச்சியே ஆகும்.

ஆய்வின் அமைப்பு எளிது, ஆயின் நேர்மையானது. சென்னை நகரின் ஏழை நோயாளர் 193 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எவர் விடுதியில் தங்குவது, எவர் வீட்டிலிருப்பது என்பதனை மருத்துவரின் விருப்பமோ நோயாளரின் செல்வாக்கோ முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்றதொரு முறையே முடிவு செய்தது. இல்லையேல், நலிந்தோர் ஒருபுறமும் தேறியோர் மறுபுறமும் சேர்ந்து, ஒப்பீடே பொய்த்துவிடும். இருசாராருக்கும் ஓராண்டுக் காலம் அதே மருந்துகள் அளிக்கப்பட்டன. விடுதியில் இருந்தோர்க்கு ஓய்வும் நல்லுணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர்க்கோ நெருக்கடியான அறை, குறைந்த உணவு, தவிர்க்கவியலாத வேலை ஆகியனவே வாய்த்தன. அவர்கள் மருந்தை உண்மையிலேயே உட்கொள்கின்றனரா என்பதை அறியப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

1959ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஓராண்டின் இறுதியில் விடுதியில் இருந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர்க்கும், வீட்டில் இருந்தோருள் நூற்றுக்கு எண்பத்தறுவர்க்கும் நோய் அடங்கியிருந்தது. விடுதியில் இருந்தோர் உடல் எடை மிகுதியாகக் கூடியது உண்மையே. ஆனால் நோய் தீர்தலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உலகெங்கும் காசநோயாளர் வீட்டிலிருந்தே மருத்துவம் பெறும் வழியைத் திறந்துவிட்டது சென்னையின் குறுந்தெருக்களில் நிகழ்ந்த இவ்வாய்வே என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நிமிர்கின்றது.

அதனினும் முக்கியமானது அடுத்த முடிவு. நோயாளர் வீட்டிலேயே இருந்தமையால் மனைவி மக்களுக்கு நோய் மிகுதியாகத் தொற்றியதா? ஐந்தாண்டுக் காலம் அக்குடும்பங்களைத் தொடர்ந்து கண்காணித்தனர். விடுதிக்கு அனுப்பப்பட்டோர் குடும்பத்தைவிட, வீட்டிலிருந்தோர் குடும்பத்தில் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. ஏனெனில், தொற்றுதலின் பெரும்பகுதி, நோய் இன்னதென அறியப்படுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. உரிய மருந்து உட்சென்றபின் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகின்றது.

தட்டும் குவளையும்

இவ்வாய்வைப் பற்றி நான் அறியாதிருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூற வேண்டும். இளங்கலை இறுதியாண்டில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் திடீரென வகுப்பிற்கு வருவதை நிறுத்தினான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே நாள்தோறும் ‘வரவில்லை’ எனக் குறித்தேனேயன்றி, ஏன் வரவில்லை என ஒருநாளும் கேட்டேனில்லை. மூன்று திங்கள் கழிந்தபின் அவன் தோழன் தயங்கித் தயங்கி உண்மையை உரைத்தான். சென்று பார்த்தேன். வீட்டின் பின்கட்டில் ஒரு பாய். அதனருகே தனித்தட்டு, தனிக்குவளை. இரண்டு தமக்கையர்க்கு மணம் பேச வேண்டியிருந்தமையால் நோயின் பெயரையே வீட்டில் எவரும் உச்சரிப்பதில்லை. மருந்து பெற வெளியூர் மருத்துவமனைக்கு மறைவாகச் சென்று வந்த அவன், இருமல் நின்றதும் நோய் தீர்ந்ததெனக் கருதி இரண்டாம் திங்களிலேயே மருந்தை நிறுத்திவிட்டிருந்தான். நோய் மீண்டும் தலையெடுத்திருந்தது.

மருத்துவர் ஒருவரின் துணையால் அவன் மருந்தை மீளத் தொடங்கி, முழுமையாக முடித்து, மறு ஆண்டு தேர்வெழுதினான். இன்று நலமாக வாழ்கின்றான். எனினும், அந்தத் தட்டும் குவளையும் என் நினைவை விட்டு நீங்கவில்லை. இந்நோய் தட்டின் வழியாகவோ குவளையின் வழியாகவோ பரவுவதன்று. அவனைப் பின்கட்டில் ஒதுக்கியதால் அக்குடும்பம் பெற்ற பாதுகாப்பு ஏதுமில்லை. அவ்வொதுக்கலின் விளைவாக மருந்து நின்றதால் நேர்ந்த கேடோ பெரிது. பாதியில் நிறுத்தப்படும் மருந்து, கிருமியை அழிப்பதற்கு மாறாக, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடவும் கூடும். அவன் வீட்டார் மறைத்தனர்; ஆசிரியனாகிய நான் கேட்கவில்லை. இரண்டும் குற்றமே.

தோல்வியை மறையாத ஆய்வு

ஆய்வு என்றதும் வெற்றிகளையே நாம் எண்ணுகின்றோம். 1968ஆம் ஆண்டு அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய பேராய்வு தொடங்கியது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்குகொண்டனர். காசநோயைத் தடுக்கும் கருவியாக உலகமே நம்பியிருந்த தடுப்பூசி அது. ஏழரை ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டபோது, வளர்ந்தோரைத் தாக்கும் நுரையீரற் காசத்தை அது தடுக்கவில்லை என்பது புலனாயிற்று. பதினைந்தாண்டு முடிவும் அதனையே உறுதி செய்தது.

உழைத்தோர்க்கு இது கசப்பான முடிவு. ஆயினும் அதனை மறைக்காமல் உலகின்முன் வைத்தனர். குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசத்தைத் தடுப்பதில் அவ்வூசிக்குப் பயன் உண்டு என்பதால், பிறந்த குழந்தைகட்கு அது இன்றும் போடப்படுகின்றது. ஆனால், ‘சிறுவயதில் ஊசி போட்டிருக்கின்றோம், நமக்கு வராது’ என்னும் வளர்ந்தோர் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. விரும்பிய விடையை அன்று, கிடைத்த விடையைக் கூறுவதே அறிவுடைமை என்பதற்கு இவ்வாய்வு சிறந்த சான்றாகும்.

உணவைப் பற்றிய வினா

1959ஆம் ஆண்டு முடிவைப் பலர் பிழைபடப் புரிந்துகொண்டனர் என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். ‘மருந்து போதும், உணவு பொருட்டன்று’ எனக் கருதுவாராயினர். அவ்வாய்வு அங்ஙனம் கூறவில்லை. மருந்து உட்கொள்வோர்க்கு விடுதி வாழ்வு இன்றியமையாததா என்பதே அதன் வினா. கேளாத வினாவிற்கு ஆய்வு விடை கூறியதாகக் கொள்வது நம் பிழை.

கேட்க வேண்டிய அவ்வினாவை அறுபது ஆண்டுகள் கழித்து ஜார்க்கண்ட் மாநிலத்தில் கேட்டனர். சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்குகொண்டது. நோயாளர் ஏறத்தாழ 2,800 பேர்க்கும் திங்கள்தோறும் உணவுப் பொருள் வழங்கப்பட்டது. அவர்தம் குடும்பத்தார் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோருள் ஒரு பகுதியினர்க்கும் உணவுப் பொருளும் நுண்சத்து மாத்திரையும் அளிக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுதல் நூற்றுக்கு முப்பத்தொன்பது விழுக்காடு குறைந்திருந்தது. நோயாளர்க்குள்ளும், முதல் இரு திங்களில் உடல் எடை கூடியோர் இறப்பது பெரிதும் குறைந்திருந்தது.

அடங்கிக் கிடக்கும் கிருமி உடல்வலிமை குன்றும்போது தலைதூக்கும் என முன்னர்க் கூறினேன். அவ்வலிமையைக் குன்றச் செய்வதில் பசிக்குப் பெரும்பங்கு உண்டு. அரிசியும் பருப்பும் நோயைத் தடுக்கும் என்பதை நம் பாட்டியர் முன்பே அறிவர் எனச் சிலர் கூறலாம். அறிந்திருக்கலாம், ஆனால் எவ்வளவு தடுக்கும் என அளந்து காட்டும்போதுதான் அரசின் கருவூலம் திறக்கின்றது. நோயாளர்க்கு நடுவணரசு 2018 முதல் திங்கள்தோறும் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. மிக நலிந்த நோயாளரை நோய் அறியப்பட்ட உடனேயே இனங்கண்டு மருத்துவமனையிற் சேர்த்துக் காக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கியது.

நம் கடன்

இத்தனைக்குப் பின்னரும் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம் பேர் காசநோயால் மாண்டனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவ்வாண்டில் நோயுற்றோருள் நால்வர்க்கு ஒருவர்க்கு மேல் இந்தியர். காரணம் தெரியாத நோயன்று. மருந்தில்லாத நோயும் அன்று. அரசு மருத்துவமனைகளிற் சோதனையும் மருந்தும் இலவசம். பின் எஞ்சி நிற்பது எது? காலந்தாழ்த்துதலும், மறைத்தலும், பசியுமே. இம்மூன்றையும் எந்த ஆய்வுக்கூடமும் நமக்காக நீக்கித் தாராது.

மாணவச் செல்வங்களே! இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கச் செய்யுங்கள். வீட்டில் எவர்க்கேனும் நோய் உறுதியானால், மற்ற அனைவரையும் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; தட்டைப் பிரிக்க வேண்டா, மருந்தைப் பிரியாதிருக்கச் செய்யுங்கள். ஆசிரியப் பெருமக்கள், தொடர்ந்து வராத மாணவனின் வீட்டு வாயிலை ஒருமுறையேனும் மிதிக்க வேண்டும். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். நோன்புக் காலத்தில் நாம் அள்ளி வழங்கும் அரிசியும் பருப்பும் ஒரு திங்களோடு நின்றுவிடுகின்றன. ஊரில் நோயுற்ற குடும்பம் ஒன்றிற்கு ஆறு திங்கள் அவற்றைத் தொடர்ந்து வழங்கினால், அது ஈகை மட்டுமன்று. அளந்து மெய்ப்பிக்கப்பட்ட மருத்துவமும் ஆகும். நிறுவனங்களும் தனியாரும் இவ்வுதவியில் சேர்வதற்கு 2022 முதல் அரசின் ஏற்பாடும் உண்டு. மணம் பேசும் அவைகளில், ‘நோய் தீர்ந்தவர் நோயாளி அல்லர்’ என்று உரைக்கும் துணிவும் பெரியோரிடமிருந்தே பிறத்தல் வேண்டும்.

சென்னைத் தெருக்களில் மாத்திரைகளை எண்ணிக் காட்டிய 193 ஏழைகளின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. செங்கற்பட்டுச் சிற்றூர் மக்களின் பெயர்களும், ஜார்க்கண்டுக் குடும்பங்களின் பெயர்களும் அங்ஙனமே. அவர்கள் தம் உடலையும் இல்லத்தையும் அறிவுக்குத் திறந்து வைத்தனர். அவர்கள் தந்த விடையை நம் இல்லத்திற்குள் விடாமல் கதவை அடைத்திருப்பவர்கள் நாமே. அக்கதவைத் திறப்பதே நாம் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன்.