காத்தொதுக்கு

சோளகக் காற்று எழும்பிவிட்டால் மன்னார்த் தீவின் தென்கடல் முரடாகும். வடகடல் குளத்தைப்போல் அடங்கிக் கிடக்கும். பேசாலையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். தீவு நீளவாக்கில் படுத்திருந்து காற்றை முதுகில் வாங்கிக்கொள்கிறது. அதன் மறைவில் வடகரை ஆறுதலாக இருக்கிறது. அந்த மறைவைத்தான் காத்தொதுக்கு என்கிறோம். வள்ளத்தை எங்கே கட்டுவது, வாடியின் வாசலை எந்தப் பக்கம் வைப்பது, அடுப்பை எங்கே மூட்டுவது எல்லாமே காத்தொதுக்குப் பார்த்துத்தான்.

கடலில் இவ்வளவு தெரிந்த எங்கள் பெடியளுக்குச் சைக்கிளில் ஏறியதும் அது மறந்துபோகிறது. போன ஞாயிறு அதைக் கண்ணால் கண்டேன்.

தலைமன்னார் துறையடியில் தொடங்கி மன்னார்ப் பட்டினத்தில் முடியும் ஓட்டம். ஊர்க் கழகங்கள் சேர்ந்து வைத்தது. இருபத்துமூன்று பேர் ஓடினார்கள். ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு மேடு கிடையாது. மலைநாட்டு வீதிகளில் ஏற்றம்தான் ஆளை ஆள் பிரிக்கும். இங்கே பிரிக்கிறது காற்று. வீதி வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது, சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. மன்னாரை நோக்கி ஓடுகிறவனுக்கு அது முகத்திலும் அடிக்காது, முதுகிலும் தள்ளாது. வழி முழுக்க வலது காதில் அறைந்துகொண்டே வரும்.

பேசாலை தாண்டி வீடுகள் குறைந்து வெளி விழும் இடத்தில் நின்றேன். வீதியை அன்று காலை ஓட்டத்துக்காக மறித்துக் கொடுத்திருந்தார்கள். முழு வீதியும் அவர்களுக்குத்தான். ஆனாலும் அத்தனை பேரும் இடது விளிம்பில், தார் முடிந்து மணல் தொடங்கும் கோட்டில், ஒற்றை வரிசையாக வந்தார்கள். “ஓரமாப் போ” என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம். முன்னவனின் பின்சில்லும் பின்னவனின் முன்சில்லும் முட்டுகிறமாதிரி நெருக்கம். பார்க்க ஒற்றுமையாகத்தான் இருந்தது. ஆனால் காற்று வலத்தால் வரும்போது ஒதுக்கு விழுவது முன்னால் போகிறவனின் இடது பின்பக்கத்தில். அங்கே மணல்தான் கிடந்தது. இருபத்துமூன்று பேரும் தனித்தனியே காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவர்களில் நான்கு பேர் ஒரே கழகம், ஒரே நீலச் சட்டை. அந்த நால்வரும் பேசிவைத்து, முதலாமவன் வீதியின் நடுவுக்கு வந்திருந்தால், இரண்டாமவன் அவனுடைய இடது தோளுக்குப் பின்னால், மூன்றாமவன் இரண்டாமவனுடைய இடது தோளுக்குப் பின்னால், நான்காமவன் தாரின் விளிம்பில் என்று சரிவாக நின்றிருக்கலாம். முன்னவன் களைத்ததும் விலகி வால்பக்கம் போக, அடுத்தவன் முன்னுக்கு வருவான். ஐந்தாவதாக வருகிற எதிர்க்கழகத்தவனுக்கு இடமே இருக்காது. அவன் மணல் விளிம்பில் தனியே காற்றுக் குடிக்க வேண்டியதுதான். முன்னால் போகிறவன் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறானோ அத்தனை பேருக்குத்தான் ஒதுக்கு. கதவை எவ்வளவு திறப்பது என்பது அவன் கையில் இருக்கிறது.

ஒல்லாந்து மொழியில் இந்தச் சரிவு வரிசைக்கு ‘வாயர்’ என்று பெயர். விசிறி என்று பொருள். 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்களின் மொழி அது. அவர்களுடைய நாடும் எங்கள் தீவைப்போலத் தட்டை, கடற்காற்று அடிக்கிற நாடு. அந்தப் பக்கத்துச் சைக்கிள்காரர்கள் காற்றைப் படித்தே ஓட்டம் பழகுகிறார்கள். 2016 ஒக்ரோபரில் கட்டாரின் டோஹாவில் நடந்த உலக வீதிச் சைக்கிளோட்டத்தில் இது நன்றாகத் தெரிந்தது. பாலைவன வெளியில் பக்கக்காற்று விழுந்ததும் கூட்டம் துண்டு துண்டானது. முன்துண்டில் பெல்ஜியக்காரர் மட்டும் ஆறு பேர். கடைசி வேகத்துக்குப் பேர்போன ஜேர்மனியர் கிற்றலும் கிரைப்பலும் பின்துண்டில் அகப்பட்டார்கள். பிறகு முன்னே வரவேயில்லை. வென்றது ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சகான். பெல்ஜியத்தின் ரொம் பூனன் மூன்றாவது. ஆறு பேரை வைத்திருந்தும் முதலிடம் கிடைக்கவில்லையே என்று கேட்கலாம். கிடைக்கவில்லைதான். ஆனால் காற்று விழுந்த அந்த இடத்திலேயே எத்தனையோ பேரின் ஓட்டம் முடிந்துபோனது.

காற்றின் கணக்குக் கொடியது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். அதை வெல்ல வேண்டிய வலு எட்டு மடங்காகும். இன்னொருவனின் மறைவில் ஓடினால் அந்த உழைப்பில் மூன்றிலொரு பங்குவரை மிச்சம். தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் நிற்கின்றனவே, 2020 டிசெம்பரில் திறந்தது, மொத்தம் 103.5 மெகாவாற், அவற்றைக் கரையோரமாக நீள வரிசையில் இடைவெளி விட்டு நட்டதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம். ஒன்றின் பின்னால் ஒன்று நின்றால் முன்னது காற்றைத் தின்றுவிடும். காற்றாலைக்கு நட்டமாகிற அதே மறைவு சைக்கிள்காரனுக்கு லாபம். சோளகக் காலத்தில் அவற்றின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாலே எந்தத் தோளுக்குப் பின்னால் ஒளியலாம் என்று தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். தோட்டவெளிக்குக் கிட்ட, நீலச்சட்டைக்காரரில் நெடுவலான ஒரு பெடியன் தனியே பிய்த்துக்கொண்டு போனான். நான்கு வீதிவிளக்குக் கம்ப தூரம் எடுத்துவிட்டான். மற்ற மூன்று நீலச்சட்டையும் அப்போது செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: உழக்காமல் இருப்பது. அவனைப் பிடிக்கிற வேலை மற்றக் கழகங்களுடையது; அவர்கள் களைக்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும். ஆனால் மூவரில் ஒருவன் எழும்பி நின்று உழக்கினான். தன் கழகத்துப் பெடியனையே துரத்திப் பிடித்தான். அதுவும் தனியே போய்ப் பிடிக்கவில்லை. எதிர்க்கழகத்தார் மூன்று பேரைத் தன் மறைவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தான். தாராபுரத்துக்குப் பிறகு அந்த எதிர்க்கழக மூவரில் ஒருவன், வழி முழுக்க ஆறியிருந்தவன், எல்லாரையும் தாண்டிக்கொண்டு போனான். நெடுவல் நான்காவது.

முடிவிடத்தில் அவன் நிலத்தில் குந்தியிருந்தான். வலப்பக்கக் கன்னத்தில் மட்டும் மணல் அப்பியிருந்தது, இடக்கன்னம் துப்புரவு. துரத்தியவனிடம் கேட்டேன், “ஏன் தம்பி அவனைப் பிடிச்சனீ?”

“பரிசு ஒருத்தனுக்குத்தானே அண்ணை. அவன் வெண்டா எனக்கென்ன?”

அந்தப் பதிலில் ஒளிவுமறைவு இல்லை. பிழை அவனுடையதும் இல்லை. நாங்கள் முதலாவதாக வருகிறவனுக்கு மட்டும் கிண்ணமும் காசும் கொடுத்துவிட்டு, கூட்டாக ஓடவில்லையே என்று குறைப்படுகிறோம். பிரான்ஸ் சுற்றோட்டத்தில் முதலாவதாக வருகிறவர் பரிசுக் காசைத் தன் கூட்டாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது நீண்டகால வழக்கம். அங்கே கழகங்களுக்கும் தனித் தரவரிசை உண்டு; ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கழகத்திலும் முதல் வருகிற மூன்று பேரின் நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். சம்பளம் வாங்குகிறவர்களுக்கே இது தேவைப்படுகிறதென்றால், காலையில் வலை இழுத்துவிட்டு ஓட வருகிற எங்கள் பெடியளுக்கு எவ்வளவு தேவை? அடுத்த ஓட்டத்தில் கழகப் பரிசை முதலாம் பரிசைவிடப் பெரிதாக வையுங்கள் என்று கழகக்காரரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

தனியே ஓடி வெல்ல முடியாதா என்றால், முடியும். 2021 ஜூலை 25, தோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் வீதியோட்டம். ஒஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாத கணித ஆய்வாளர், தொடக்கத்திலேயே முன்னே பாய்ந்து 137 கிலோமீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வெல்லுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்த நெதர்லாந்து அணியில் நான்கு பேர். காதில் வானொலி கட்ட அனுமதியில்லாத ஓட்டம் அது. முன்னே ஒருத்தி போய்விட்டாள் என்பது தெரியாமல், இரண்டாவதாக வந்த அனமீக் வான் ஃபுளூற்றன் தான் வென்றதாக நினைத்துக் கைதூக்கினார். நான்கு வல்லவர்கள் இருந்தும் சேதி போய்ச் சேரவில்லை.

எங்கள் ஓட்டங்களில் வானொலியும் கிடையாது, பின்னால் வருகிற கார்களும் கிடையாது. இருப்பது குரலும் கையும்தான். மன்னார் வீதியில் அந்தக் குரல் உயிர்காக்கும். மறைவில் ஓடுகிறவனுக்கு முன்னவனின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. வீதி நடுவில் கழுதை நிற்பதை முன்னவன்தான் “கழுதை!” என்று கத்த வேண்டும், மணல் குவிந்த இடத்தைக் கையால் காட்ட வேண்டும். ஞாயிறன்று யாரும் கத்தவில்லை. கண்ட கழுதையை ஒருவன் வெட்டி விலத்த, பின்னால் வந்த இருவர் விழுந்தார்கள்.

எழுதிக்கொண்டு வரும்போது என் அண்ணன் நினைவுக்கு வருகிறார். எனக்குப் பதினொரு வயது. மடு ஆவணித் திருவிழாவுக்குச் சைக்கிளில் போனோம். மன்னார்த் தாம்போதியில் இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு மரம் இல்லை. அண்ணன் “எனக்கு இடப்பக்கம் வா, கொஞ்சம் பின்னுக்கு” என்றார். வாகனம் அரிதாக ஓடிய காலம். முருங்கன் வரைக்கும் அவருடைய சேட்டு படபடத்து என் பக்கமாக அடித்துக்கொண்டே வந்தது. எனக்குக் காற்று அடிக்கிறதென்றே தெரியவில்லை. நான் கெட்டிக்காரன், அண்ணனோடு சரிக்குச் சரி ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். திருவிழா முடிந்து திரும்பும்போது காற்று மற்றப் பக்கமானது. முருங்கனில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறியதும், அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை என் இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்.