சங்கீதம் 91 ஒப்பந்தப் பத்திரம் அல்ல



புற்றுநோயால் படுக்கையிலிருக்கும் ஒரு சகோதரி அண்மையில் என்னிடம், "ஐயா, எனக்கு விசுவாசம் இல்லாததால்தான் இந்த நோய் வந்ததா?" என்று கேட்டார். ஜெபிக்க வந்த சிலர் 91-ஆம் சங்கீதத்தின் 10-ஆம் வசனத்தை வாசித்துவிட்டு, "நோய் வீட்டை நெருங்காது என்பது தேவனுடைய வாக்குத்தத்தம், நெருங்கிவிட்டதென்றால் குறை உங்களிடமே" என்று சொல்லிச் சென்றார்களாம்.

வேதத்தை எழுத்தின்படியே நம்புவதாக அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். நான் அதை மறுக்கிறேன். அதே சங்கீதத்தின் 4-ஆம் வசனம் தேவனுடைய சிறகுகளைப் பற்றிப் பேசுகிறது. தேவனுக்கு இறகு உண்டென்று அவர்கள் போதிப்பதில்லை. 13-ஆம் வசனம் சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பதைக் கூறுகிறது. அதைச் செய்துபார்க்க ஒருவரும் காட்டுக்குப் புறப்படுவதில்லை. நான்காம் வசனத்தில் உருவகத்தைக் கண்டுகொள்ளும் கண், பத்தாம் வசனத்தில் மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது?

சுவிசேஷங்களில் இந்தச் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகிறவன் ஒருவனே; அவன் சோதனைக்காரன் (மத்தேயு 4:6). தேவாலயத்து உப்பரிகையின்மேல் ஆண்டவரை நிறுத்தி, கவிதையை ஒப்பந்தமாக்கி, குதிக்கச் சொன்னான். தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்ற உபாகமத்தின் கட்டளையைக் கொண்டு இயேசு அவனை மறுத்தார். வசனம் தவறன்று; அதை அவன் வாசித்த விதமே தவறு.

எபிரெயக் கவிதை, ஓரடியில் சொன்னதை அடுத்த அடியில் வேறு சொற்களால் மீண்டும் சொல்லி ஆழப்படுத்தும். இந்த இணையடி முறையை ராபர்ட் லோத் 1753-இல் வெளியான தம் விரிவுரைகளில் விளக்கினார். 10-ஆம் வசனத்தின் இரண்டு அடிகளும் அவ்வகையே. அவை தேவனுடைய பாதுகாப்பைப் பாடும் நம்பிக்கையின் மொழி. பத்திரத்தின் ஷரத்துகள் அல்ல.

உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், உயர்வு நவிற்சி என்று பள்ளியிலேயே அணிகளைப் படித்தவர்கள் நாம். ஏசாயா 55-இல் மரங்கள் கைகொட்டும்போது அவற்றில் கைகளைத் தேடுவதில்லை. இடறல் உண்டாக்கும் கண்ணைப் பிடுங்கச் சொன்ன ஆண்டவரின் வார்த்தையைக் கேட்டும், இரு கண்களோடுதான் ஆலயத்தில் அமர்ந்திருக்கிறோம். மறுபிறப்பைக் குறித்து நிக்கொதேமுவும், புளித்தமாவைக் குறித்துச் சீஷர்களும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளைத் தவறவிட்டதைச் சுவிசேஷங்கள் மறைக்கவில்லை. அது நமக்கு எச்சரிப்பு.

"அப்படியானால் உயிர்த்தெழுதலும் உருவகமோ?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. 1 கொரிந்தியர் 15-இல் பவுல் கவிதை பாடவில்லை. சாட்சிகளைப் பட்டியலிடுகிறார், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் எழுதுகிறார். கவிதையைக் கவிதையாகவும் சாட்சியைச் சாட்சியாகவும் வாசிப்பதே வேதத்துக்குக் கொடுக்கும் கனம். அணி என்பது பொய்யன்று. நேர்ச்சொல்லுக்கு எட்டாத உண்மையைச் சுமக்கும் பாத்திரம் அது.

தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் உண்டாயிற்று. பவுல் அவனுடைய விசுவாசத்தைச் சந்தேகிக்கவில்லை. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் அருந்தச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). ஆகவே பிரியமானவர்களே, அடுத்தமுறை ஒரு நோயாளியின் அருகில் உட்காரும்போது பத்தாம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 15-ஆம் வசனம் வரை வாசியுங்கள். அங்கே தேவன், ஆபத்து நேரத்தில் தாம் கூட இருப்பதாகச் சொல்லுகிறார். ஆபத்தே வராதென்றால் அந்த வாக்கு எதற்கு?

அந்தச் சகோதரிக்கு நான் வாசித்துக் காட்டியது அந்த வசனத்தைத்தான். அவர் வெகுநேரம் அழுதார். பிறகு, "ஐயா, இன்னொருமுறை வாசியுங்கள்" என்றார்.

நோயுற்றோரின் படுக்கையருகே காயப்படுத்தாத நாவைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.