கொடுப்பவர்கள் ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும்

அம்மாவைக் காரில் ஏற்றுவது சிரமமே இல்லை. கையில் வாரி எடுத்து முன்சீட்டில் இருத்திவிடலாம். அதன்பிறகு ரோட்டோரத்தில் நிற்கிற வீல்செயாரை ஏற்றுவதுதான் பெரும்பாடு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரி பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் கிளினிக் நாள் நெருங்கினால் முதல்நாள் இரவே எனக்கு நித்திரை போய்விடுகிறது.

நாங்கள் வாடகைக்குப் பிடிப்பது அல்டோ. எங்கள் கைக்கு எட்டுகிற கார் அதுதான். அதன் டிக்கி 177 லீட்டர். சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றி வரப் போதும். வீல்செயார் மடங்கும் என்பது உண்மைதான். சீட்டுத் துணியை நடுவில் பிடித்து மேலே இழுத்தால் அடியிலுள்ள குறுக்குச் சட்டங்கள் நெருங்கி, 65 சென்ரிமீற்றர் அகலம் 30 அளவுக்குச் சுருங்கும். அகலம் மட்டும்தான் சுருங்கும். கால்பலகையோடு ஒரு மீற்றர் நீளமும், கைப்பிடி வரை 90 சென்ரிமீற்றர் உயரமும், 24 அங்குலப் பெரிய சக்கரங்களும் அப்படியேதான் இருக்கும்.

"அண்ணே, டிக்கி மூடாது. பின்சீட்டுல வப்பமா?" என்பான் கார்க்காரத் தம்பி. பின்சீட்டில் வைத்தால் நான் எங்கே உட்காருவது? நான் போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் அம்மாவை யார் இறக்குவது? அதனால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக டிக்கியில் சாத்தி, கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகிறோம். இங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏற்றம். சின்னக் கியரில் இன்ஜின் முக்கிக்கொண்டு ஏறும்போது, திறந்த டிக்கி வழியாகப் புகை உள்ளே இழுபட்டு வருகிறது. அம்மா இருமத் தொடங்குவார். அந்தப் புகையில் உயிரைக் கொல்லும் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. கண்ணாடியை இறக்கினாலோ குளிர். பாரிசவாதத்தில் விழுந்த உடம்பு அதைத் தாங்குமா?

கூரையில் கட்டலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த நாற்காலி 18 கிலோவுக்குக் குறையாது. தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் அம்மா ஒரு நாளைக்கு நிறுத்துக் கொடுத்த அளவு கிட்டத்தட்ட அதுதான். அந்தச் சுமையைத் தலைக்கு மேலே தூக்கி, மெல்லிய தகரக் கூரை நசுங்காமல் போர்வை விரித்து வைத்து, நாலு மூலையிலும் கயிறு போட்டு இறுக்க வேண்டும். வழியெல்லாம் தூறல். போய்ச் சேரும்போது சீட்டுத் துணி தண்ணீரை உறிஞ்சிக் கனத்திருக்கும். அந்த ஈரத் துணியில் அம்மாவை இருத்த எனக்கு மனம் வருவதில்லை. சில மாதங்களில் பெயாரிங் துருப்பிடித்துச் சக்கரம் முனகத் தொடங்கும்.

காரின் பின்புறம் கம்பிச் சட்டம் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வெல்டிங்காரர் யோசனை சொன்னார். அதில் நாற்காலியை மாட்டினால் பின்லைட்டும் நம்பர் தகடும் மறைந்துபோகும். மூடுபனி இறங்கினால் பத்தடி தெரியாத இந்த ரோட்டில் பின்லைட் மறைந்த காரில் நோயாளியை ஏற்றிப் போக என்னால் முடியாது. அதோடு, கார் எங்களுடையதும் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தபோது வரியோடு சேர்ந்து வந்த விலையைக் கேட்டவர்கள், பழைய அல்டோவையே பொத்திப் பாதுகாக்கிறார்கள். தோட்டத்துச் சம்பளத்தில் வேன் வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. வாடகைக்குப் பிடித்தாலும் கட்டாது.

கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் பேட்டரியில் ஓடுகிற ஸ்கூட்டர் அனுப்பவா என்று கேட்டார். அன்போடு கேட்டதை மறுக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நாலு சக்கர ஸ்கூட்டர் என்றால் 50 கிலோவுக்கு மேலே போகும். கழற்றிக் கொண்டுபோகிற ரகம் வாங்கினாலும் ஈய பேட்டரி மட்டுமே தனிச் சுமை. சாதாரணமாக 6 முதல் 10 பாகைச் சரிவு வரைதான் அது ஏறும் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்திலிருந்து ரோட்டுக்கு வருகிற வழி கல்லும் படியுமான ஏற்றம். வீல்செயாரே அதில் உருளாது. அம்மாவை நான் முதுகில் சுமந்து வர, பின்னாலேயே இன்னொருவர் நாற்காலியைத் தலையில் வைத்துக் கொண்டுவருகிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கட்டிலும் அடுப்பும் போக அந்த நாற்காலி திரும்பவும் இடமில்லை. கிளினிக் நாள் தவிர மற்ற நாளெல்லாம் வெளி இஸ்தோப்பில்தான் கிடக்கிறது.

1885இல் ரயில் வந்த ஊர் இது. வேறு ஊர்களுக்கு ரயிலிலாவது போகலாமே என்றால், பெட்டியின் வாசல் குறுகலாகவும் பிளாட்பாரத்தை விட உயரமாகவும் இருக்கிறது. நாலு பேர் கூடித் தூக்கினால்தான் உண்டு. பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006 ஒக்ரோபரில் வர்த்தமானியில் வந்தது. வீல்செயாரிலேயே நடமாடிய அஜித் பெரேரா என்ற மனிதர் உயர் நீதிமன்றம் வரை போய் அதை நடைமுறைப்படுத்தும்படி 2011 ஏப்ரலில் கட்டளை வாங்கித் தந்தார். அவருக்கு இந்த நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் போக்குவரத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் சாய்தளம் இருந்தால் நல்லதுதான். லயத்து வாசலிலிருந்து அந்த வாசல் வரைக்கும் அம்மாவை எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் யோசிக்கவில்லை.

எனக்குப் பெரிய மனக்குறை நாற்காலியைக் கொடுக்கிறவர்கள் மேல். மேடை போட்டு, வரிசையாக நிறுத்தி, படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். கொடுக்கிற மனம் நல்ல மனம். அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கொடுப்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் வழுவழுப்பான தரையில் தள்ளுவதற்கென்று செய்த இரும்பு நாற்காலி. கைதாங்கி கழலாது, கால்பலகை கழலாது, சக்கரமும் கழலாது. உட்காருகிற ஆளின் உடம்புக்கும் அவர் வாழ்கிற இடத்துக்கும் பொருந்துவதே சரியான நாற்காலி என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டி வெளியிட்டது. பொத்தானை அழுத்தினால் பெரிய சக்கரம் தனியே கையோடு வந்துவிடுகிற நாற்காலிகள் உலகத்தில் எத்தனையோ வருடங்களாக இருக்கின்றன. அலுமினியச் சட்டம் என்றால் நாலைந்து கிலோ குறையும். அப்படிப்பட்ட ஒன்று, சக்கரத்தைக் கழற்றிக் கால்பலகையையும் எடுத்துவிட்டால், பின்சீட்டில் என் பக்கத்திலேயே நின்றுகொள்ளும். டிக்கிக் கதவைக் கயிற்றால் கட்ட வேண்டியதில்லை. அம்மா புகை குடிக்கவும் வேண்டியதில்லை.

விலை கூடும் என்பார்கள். கூடட்டும். இருபது பேருக்குக் கொடுப்பதைப் பத்துப் பேருக்குக் கொடுங்கள். அந்தப் பத்துப் பேரும் வெளியே போய்வருவார்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் லயத்துக்கு வாருங்கள். படிகளைப் பாருங்கள், காம்பரா வாசலை அளந்து பாருங்கள். எந்த வண்டியில் போவீர்கள் என்று கேட்டு, அந்த வண்டியின் டிக்கியைத் திறந்து அங்கேயும் டேப் வையுங்கள். நாற்காலியை நீங்களே ஒரு தடவை தூக்கி ஏற்றுங்கள்.

அம்மாவுக்கு அடுத்த கிளினிக் திகதி வந்துவிட்டது. கார்க்காரத் தம்பியிடம் சொல்லியாயிற்று. நாற்காலி சுமக்கப் பக்கத்து லயத்துப் பையனைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவனுக்கு மலையில் வேலை இருக்கிறது. எங்களோடு வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். இன்னும் பதில் சொல்லவில்லை.