2025: என் சொந்த விருதுகள்!



வருஷக் கடைசி வந்தாலே எல்லாரும் விருது கொடுக்க ஆரம்பிச்சிடுறாங்க. டிவியில் சினிமாவுக்கு விருது, பேப்பரில் கிரிக்கெட்டுக்கு விருது. நம்ம பள்ளி ஆண்டு விழாவிலும் பரிசு உண்டு. ஆனால் முதல், இரண்டாம், மூன்றாம் என்று மூன்று எவர்சில்வர் டம்ளரோடு அது முடிந்துவிடும். நான்காவதாக வந்தவளும் அதே வெயிலில், அதே தூரம்தானே ஓடி வந்தாள்?

அதனால் இந்த வருஷம் நானே விருது கொடுப்பது என்று முடிவு பண்ணிட்டேன். விளையாட்டுக்கும் வீடியோ கேமுக்கும் சேர்த்து! விருதுக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நான் ஒருத்திதான். பரிசுத் தொகை ஒரு கைதட்டல். சிபாரிசு செல்லாது. ஜெயித்தவருக்குத்தான் விருது என்ற விதியும் கிடையாது. சரி, ஆரம்பிக்கலாமா?

1. ஆண்டின் சிறந்த ஆட்டம்: ஜெமிமா ரோட்ரிக்ஸ்

2025 அக்டோபர் 30. மகளிர் உலகக் கோப்பை அரையிறுதி, நவி மும்பை. ஆஸ்திரேலியா 338 ரன் எடுத்தது. மகளிர் ஒரு நாள் போட்டியில் அவ்வளவு ரன்னை அதுவரை யாரும் துரத்திப் பிடித்ததே இல்லை. நம் ஆட்கள் 9 பந்து மீதி இருக்கும்போதே ஜெயித்துவிட்டார்கள். ஜெமிமா 127 ரன், கடைசி வரை அவுட் ஆகவில்லை!

நான் விருது கொடுப்பது அந்த 127-க்கு மட்டும் இல்லை. அதே உலகக் கோப்பையில் இங்கிலாந்து மேட்சில் அவரை அணியிலிருந்தே எடுத்திருந்தார்கள். அந்தத் தொடர் முழுக்கப் பதட்டமாக இருந்தது, அழுதேன் என்று மேட்ச் முடிந்ததும் எல்லார் முன்னாடியும் சொன்னார். அழுகிறவளால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், 338 முடியும்!

2. ஆண்டின் சிறந்த முடி: ஷஃபாலி வர்மா

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கு. ஷஃபாலி ஹரியானாவில் ரோத்தக் ஊர்க்காரர். சின்ன வயசில், பெண் பிள்ளை என்று சொல்லி கிரிக்கெட் அகாடமியில் சேர்க்கவில்லை. அவர் அப்பா என்ன செய்தார் தெரியுமா? முடியை ஒட்ட வெட்டிவிட்டு, பையன் மாதிரி கூட்டிப் போய்ச் சேர்த்தார்.

உலகக் கோப்பைக்கு முதலில் அறிவித்த அணியில் ஷஃபாலி பெயரே இல்லை. இன்னொருவருக்கு அடிபட்டதால் கடைசி நேரத்தில் வந்தார். நவம்பர் 2 இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 87 ரன், 2 விக்கெட், ஆட்ட நாயகி! அன்று மழையால் மேட்ச் 2 மணி நேரம் தாமதம். முடியும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. 52 ரன்னில் இந்தியா ஜெயித்தது. 2005-லும் 2017-லும் இறுதி வரை போய்த் தோற்ற கோப்பை அது. தீப்தி சர்மா அரை சதமும் அடித்து 5 விக்கெட்டும் எடுத்தார்.

என் கேள்வி ஒன்றுதான். ஷஃபாலியை அன்றைக்குப் பெண்ணாகவே சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? விருது முடிக்குத்தான், அதை வெட்ட வைத்தவர்களுக்கு இல்லை.

3. ஆண்டின் சிறந்த பதக்கம்: பிரதிகா ராவல்

மேலே 'இன்னொருவருக்கு அடிபட்டது' என்று எழுதினேனே, அவர்தான் இவர். உலகக் கோப்பையில் 308 ரன் அடித்தவர். நியூசிலாந்துக்கு எதிராகச் சதம் போட்டவர். வங்கதேச மேட்சில் ஃபீல்டிங் பண்ணும்போது காலில் அடிபட்டு வெளியே வந்தார். கோப்பை ஜெயித்த அன்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கொண்டாடினார். ஆனால் பதக்கம் கிடையாது! கடைசியாக இருக்கும் 15 பேர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பதக்கம் என்பது விதியாம். எல்லாரும் பேசிய பிறகு அவருக்கும் பதக்கம் வந்து சேர்ந்தது.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம பள்ளியின் கோகோ அணி ஞாபகம்தான் வந்தது. தினமும் பயிற்சிக்கு வந்து, கடைசி நாள் அணியில் இடம் கிடைக்காமல், தண்ணீர்க் குடம் தூக்கி வரும் அக்காக்கள் இருக்கிறார்கள். குரூப் போட்டோவில் அவர்கள் முகம் இருக்காது. இந்த விருதில் பாதி அவர்களுக்கு.

4. விழுந்து எழுந்தவர் விருது: வைஷாலி

நம்ம சென்னை அக்கா. செஸ் கிராண்ட்மாஸ்டர். 2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஒரு போட்டியில் தொடர்ந்து 7 ஆட்டம் தோற்றார். ஒரு கணக்குத் தேர்வில் மார்க் குறைந்தாலே நாம் ரெண்டு நாள் சாப்பிடாமல் இருக்கிறோம். இவர் அடுத்த மாதமே உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரத்துக்குப் போய், மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியில் பட்டம் வாங்கினார். 2023-லும் அதே பட்டம் அவருக்குத்தான்.

பக்கத்து நாற்காலி விருது: ஜூலையில் மகளிர் செஸ் உலகக் கோப்பையை வென்ற 19 வயது திவ்யா தேஷ்முக். இறுதிப் போட்டியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவரும் இந்தியர்தான், கோனேரு ஹம்பி. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நமக்குச் சந்தோஷம்!

5. ஆண்டின் சிறந்த விளையாட்டு: கோகோ

2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோகோ உலகக் கோப்பை நடந்தது. ஆண்கள், பெண்கள் இரண்டிலும் இந்தியாதான். இரண்டிலும் இறுதியில் எதிரணி நேபாளம். பெண்கள் அணி 78-40 என்று ஜெயித்தது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் வகுப்பில் கேட்டேன், இரண்டே பேர் கை தூக்கினார்கள்.

கோகோவுக்கு பேட் வேண்டாம், ஸ்டம்ப் வேண்டாம், ஷூகூட வேண்டாம். இரண்டு கம்பமும் சுண்ணாம்புக் கோடும் போதும். செலவு இல்லாத விளையாட்டு என்றால் மதிப்பு இல்லாத விளையாட்டு என்று அர்த்தம் இல்லையே!

இனி வீடியோ கேம் விருதுகள்.

6. ஆண்டின் சிறந்த வீடியோ கேம்: குரோம் டைனோசர்

2025 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த பெரிய கேம் விருது விழாவில் 'கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்ற பிரான்ஸ் நாட்டு கேமுக்குத்தான் முதல் இடம். வாழ்த்துகள். ஆனால் அதை விளையாட நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். எங்க வீட்டில் இருப்பது அப்பா போன். அதிலும் எங்க தெருவில் சிக்னல் வந்தால் வரும், போனால் போகும்.

சிக்னல் போனால் வருவது யார்? நம்ம டைனோசர்! 2014-இல் வந்த கேம். நெட் இருந்தால் கேம் என்பது ஊர் வழக்கம். நெட் இல்லாவிட்டால்தான் கேம் என்று யோசித்தார்களே, அதற்கே விருது கொடுக்கலாம். கள்ளிச்செடியைத் தாண்டு, பறவைக்குக் குனி, அவ்வளவுதான். முழுசா முடிக்க ஒரு கோடியே எழுபது லட்சம் வருஷம் ஆகும் என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் சிக்னல் வந்துவிடும் என்று நம்புவோம்.

7. வாழ்நாள் சாதனை விருது: டெட்ரிஸ்

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கேம். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்நோவ் செய்தது. இதன் பழைய நின்டெண்டோ பதிப்பை மனிதர்களால் முடிக்கவே முடியாது என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுப் பையன் 157-வது லெவல் வரை போனான். கேமே ஆட முடியாமல் உறைந்து நின்றுவிட்டது!

அந்தச் செய்தியை வாசித்த இங்கிலாந்து டிவி அறிவிப்பாளர் ஒருவர், திரையை விட்டு எழுந்து வெளியே போய்க் காற்று வாங்கச் சொல்லி அவனுக்குப் புத்திமதி சொன்னார். நிறையப் பேருக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். ஆனால் என் கோபம் வேற.

பையன்கள் போனை எடுத்தால், "வெளிய போய் விளையாடுடா" என்கிறார்கள். நாங்கள் வெளியே போனால், "வயசுக்கு வந்த புள்ள, உள்ள வா" என்கிறார்கள். உள்ளே வந்து போனை எடுத்தால், "பொட்டப் புள்ளைக்குப் போன்ல என்ன வேலை?" வெளியிலும் இல்லை, போனிலும் இல்லை என்றால் நாங்கள் எங்கேதான் விளையாடுவது? சொல்லுங்க!

8. ஆண்டின் மோசமான விளையாட்டு: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்கள்

2025 ஆகஸ்டில் இவற்றைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நல்ல செய்தி. எங்க அப்பத்தா தாயம் விளையாடுவார். தோற்றால் புளியங்கொட்டைதான் போகும், மறுநாள் திரும்ப வந்துவிடும். பணம் கட்டும் கேமில் தோற்றால் வீடே போகிறது. ஜெயிப்பது எப்பவும் கடை விரித்தவன்தான். ஒரே ஆள் ஜெயித்துக்கொண்டே இருந்தால் அதற்கு விளையாட்டு என்று பெயரா?

9. ஆண்டின் சிறந்த மைதானம்: இந்த வருஷம் யாருக்கும் இல்லை

இதுதான் கடைசி விருது. நம்ம பள்ளி கிரவுண்டுக்குக் கொடுக்க ரொம்ப ஆசைப்பட்டேன். முடியவில்லை. காரணம் சொல்கிறேன், ஆசிரியர்கள் கோபப்பட வேண்டாம்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் நான்கு வாரம் நோட்டில் எண்ணிக் குறித்தேன். எங்க வகுப்புக்கு 8 பி.டி. பீரியடு. அதில் 5 கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விட்டது. மீதி 3-ல் பையன்கள் இரண்டு கிரிக்கெட் மேட்ச் போட்டார்கள். கிரவுண்டு நிறைந்துவிட்டது. நாங்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தோம். எறிபந்து ஸ்டோர் ரூமில் இருக்கு. காற்று இல்லை.

போர்ஷன் முடிக்கணும், அடுத்த வருஷம் பத்தாவது, பொதுத் தேர்வு வருது. எல்லாம் தெரியும். எங்களுக்கு மார்க் வரணும் என்றுதான் சார்களும் டீச்சர்களும் கஷ்டப்படுகிறார்கள். ஆனால் ஒரு சந்தேகம். தமிழ்ப் பீரியடில் யாராவது கபடி விளையாட விடுவார்களா? பி.டி. பீரியடில் மட்டும் ஏன் கணக்கு நடக்கிறது? அதுவும் டைம்டேபிளில் எழுதி ஒட்டிய பீரியடுதானே?

பையன்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. இடம் காலியாக இருந்தது, விளையாடினார்கள். கேட்காமல் உட்கார்ந்திருக்கும் வரை இடம் யாருக்கும் தானாக வராது. அதனால் இப்போது கேட்கிறோம்:

அ) வாரத்தில் ஒரு பி.டி. பீரியடாவது வேறு பாடத்துக்குப் போகக் கூடாது.
ஆ) அந்தப் பீரியடில் கிரவுண்டில் பாதி பெண் பிள்ளைகளுக்கு. நடுவில் சுண்ணாம்புக் கோடு நாங்களே போடுகிறோம்.
இ) எறிபந்துக்குக் காற்று அடித்துத் தர வேண்டும். பம்பு இல்லை என்றால் சைக்கிள் கடைக்கு நாங்களே எடுத்துப் போகிறோம்.

மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, ஒரு சட்டி சுண்ணாம்பு! உலகக் கோப்பை ஜெயித்த அக்காக்களுக்கு நாம் கைதட்டினோம், பட்டாசு வெடித்தோம். ஆனால் அவர்கள் எல்லாரும் ஒரு நாள் ஏதோ ஒரு கிரவுண்டில் முதல் தடவை கால் வைத்தவர்கள்தானே. இங்கேயும் அப்படி யாராவது இருக்கலாம். மரத்தடியிலேயே உட்கார வைத்தால் அது யார் என்று கடைசி வரை தெரியாது.

இந்தத் தாளின் அடியில் ஒரு கட்டம் வரைந்து பூ டிசைன் போட்டு வைத்திருக்கிறேன். உள்ளே காலி. 'ஆண்டின் சிறந்த மைதானம் 2026' என்று அதில் நம்ம பள்ளிப் பெயரை எழுத சிவப்பு ஸ்கெட்ச் பேனா ரெடி!

விளையாடுவோம்! விளையாட விடுவோம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி
(எறிபந்து விளையாட ஆள் தேவை. ஆர்வம் உள்ள அக்கா, தங்கைகள் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்ப மரத்தடிக்கு வரவும்.)