துவர்ப்பு எமக்குப் புதிய சுவையல்ல

வைன் சுவைப்பது பற்றித் தமிழில் எவரேனும் எழுத முற்பட்டால், முதற் பந்தியிலேயே ஆங்கிலச் சஞ்சிகைகளின் மொழிபெயர்ப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிளக்கரன்ற் பழம், பதனிட்ட தோல், சுருட்டுப் பெட்டி, மழையில் நனைந்த கல் என நீண்டதொரு பட்டியல். பிளக்கரன்ற் பழத்தைக் கண்ணால் கண்டிராத ஒருவருக்கு இதனால் யாது பயன்? கனதியான சிவப்பு வைனின் பிரதான குணத்தைச் சொல்ல எம்மிடம் சொந்தச் சொல் இருக்கிறது. அது துவர்ப்பு. அறுசுவையுள் ஒன்றாக அதனை எண்ணிவைத்த மொழி, இந்த விடயத்தில் எவரிடமும் இரவல் வாங்க வேண்டியதில்லை என்பது எனது அபிப்பிராயம்.

பிரான்சின் தென்மேற்கே, லொத் ஆறு வளைந்து வளைந்து செல்லும் கஹோர் பிரதேசத்து வைனை எடுத்துக்கொள்வோம். அதன் அடர்ந்த நிறத்தினால் 'கறுப்பு வைன்' என்று பெயர் பெற்றது. அதில் குறைந்தது 70 சதவீதம் மல்பெக் என்னும் திராட்சை இனம் இருத்தல் வேண்டும் என்பது விதி. இதன் வரலாறு துயரமானது. கடலுக்குச் செல்லும் வழியைத் தம் கையில் வைத்திருந்த போர்தோ வணிகர்கள், தமது வைன் விற்கும்வரை மேல்நாட்டு வைனைத் தடுத்துவைக்கும் சலுகையை நூற்றாண்டுக் கணக்கில் அனுபவித்தனர். 1776 இலேயே அது நீக்கப்பட்டது. பின்னர் 19 ஆம் நூற்றாண்டில் பிலொக்செரா பூச்சி. 1956 பெப்ரவரியில் கொடிகளைக் கொன்ற உறைபனி. கஹோர் தனக்குரிய சட்ட அங்கீகாரத்தைப் பெற்றது 1971 இல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, 1850களில், மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு விவசாய நிபுணர் மூலம் அதே கொடி ஆர்ஜென்டீனாவின் மென்டோசாவைச் சென்றடைந்திருந்தது. இன்று மல்பெக் என்றால் உலகம் ஆர்ஜென்டீனாவைத்தான் நினைக்கிறது. பிறந்த மண்ணில் நலிந்து, சென்ற மண்ணில் தழைத்த கதை. புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

இனிச் சுவை. இளம் கஹோர் வைனை ஒரு மிடறு வாயில் வைத்திருந்தால் முரசும் நாக்கும் உலர்ந்து இறுகும். நாவற்பழம் தின்றவர்களுக்கும் பச்சைப் பாக்கு மென்றவர்களுக்கும் இந்த உணர்வு பழக்கமானதே. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள தனின், உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் இது நிகழ்கிறது. இலங்கையர் எமக்கு இதற்கு இன்னும் கிட்டிய உதாரணம் தேநீர். சாயம் கூடிய பிளேன்ரீ துவர்க்கும். பால் விட்டதும் துவர்ப்பு அடங்கும். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இறைச்சி வைனுக்குச் செய்வதும் அதுவே. கஹோர் மக்கள் தமது வைனோடு வாத்தை அதன் கொழுப்பிலேயே வேகவைத்து உண்பதும், ஆர்ஜென்டீனர் தணலில் வாட்டிய மாட்டிறைச்சியை உண்பதும் தற்செயலல்ல.

எம்மவர் விருந்துகளில் நடப்பது வேறு. பாரிசில் ஒரு நண்பர் வீட்டில், செத்தல் மிளகாய்த் தூள் தாராளமாகப் போட்ட ஆட்டிறைச்சிக் குழம்போடு விலையுயர்ந்த போத்தல் ஒன்று திறக்கப்பட்டது. மதுசாரம் மிளகாயின் எரிவை மேலும் மூட்டும். அந்த எரிவில் பழச்சுவை மறைந்து கசப்பும் துவர்ப்புமே மிஞ்சும். எல்லோரும் "நல்ல வைன்" என்று தலையாட்டினார்கள். ஆனால் குவளைகள் பாதியில் நின்றன. பிள்ளைகளுக்கென்று உப்பும் மிளகும் மாத்திரம் தடவி வாட்டிய ஆட்டு விலா எலும்பு மேசைக்கு வந்தபின், அதே போத்தல் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. குழம்பிலும் குறையில்லை, வைனிலும் குறையில்லை. சம்பந்தம்தான் பொருந்தவில்லை.

மீனோடும் இது சேராது. வைனிலுள்ள இரும்புச் சத்தே வாயில் மீன் வெடுக்கைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் காட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எமது ஆண்கள் சோற்றுக்கு முன், வெறுவயிற்றில், வீட்டாரின் கண்ணுக்கு மறைவாகக் குடித்துப் பழகியவர்கள். சாப்பாடு வரும்போது அவர்களுக்கு நாக்கே இராது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் கூறியது. குடியாதவர் இதனை வாசித்துக் குடிக்கத் தொடங்க வேண்டாம். குடிப்பவரோ, சாப்பாட்டு மேசையில், மனைவி மக்களோடு, ஒரு குவளையோடு நிறுத்தலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாறுக என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. கொழும்பின் 30 பாகையில் அது சாராயம்போல் மணக்கும். 16 முதல் 18 பாகையே உகந்தது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் அந்த அளவுக்குக் கிட்ட வரும். மிஞ்சியதை இறுக மூடி அங்கேயே வைத்தால் இரண்டு மூன்று நாட்களுக்குக் கெடாது.