ஃபேக்டரி அப்ரண்டிஸுக்கு உதவித்தொகை உண்டு... ஆஸ்பத்திரி லேப் இன்டர்னுக்கு? அந்த ஒரு வருடத்தில் என்ன கவனிக்கணும்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் பல ஆலைகளில் வேலைக்குச் சேருபவர் முதலில் நீட்டுவது சர்ட்டிஃபிகேட்டை அல்ல, கையை. ரத்தம், சிறுநீர் டெஸ்ட் முடிந்தால்தான் ஐடி கார்டு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட ஊழியர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு என்கிறது மத்திய அரசு.

ஆக, டெஸ்ட் கூடப் போகிறது. அதைச் செய்யும் கைகளில் இன்டர்ன்ஷிப் மாணவர்களின் கைகளும் இருக்கும்.

யார் இவர்கள்?

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. எம்.எல்.டி. படிப்பில் 3 ஆண்டு வகுப்பு, அதன் பிறகு 1 ஆண்டு இன்டர்ன்ஷிப். ரத்தவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ரத்த வங்கி என்று ஒவ்வொரு பிரிவாகச் சுற்றி வந்து கற்பதுதான் இந்த ஆண்டின் நோக்கம். நடைமுறையில் எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. காலையில் ரத்தம் எடுக்க ஆள் வேண்டும், கேம்புக்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் கூப்பிடுவது இன்டர்னைத்தான். முதல் மாதம் அது பயிற்சி. பத்தாவது மாதமும் அதே வேலை என்றால், அது ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

ரத்தம் எடுப்பது சின்ன வேலையா?

இல்லவே இல்லை. லேப் ரிசல்ட்டில் வரும் பிழைகளில் பெரும்பகுதி மெஷினுக்குள் நடப்பதில்லை, மாதிரி மெஷினுக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது. சர்க்கரை டெஸ்டையே எடுத்துக்கொள்வோம். உடலை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண டியூபில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும். சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளூரைடு டியூப் இருப்பது இதைக் கட்டுப்படுத்தத்தான். ஃபேக்டரி கேன்டீனில் காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம், தப்பான டியூபில் உட்கார்ந்து, டிராஃபிக்கில் மாட்டி மதியம் லேப் போய்ச் சேர்ந்தால்? சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவருக்கு 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரலாம். அவரும் நிம்மதியாக அடுத்த ஷிஃப்டுக்குப் போய்விடுவார்.

அவசரத்தில் சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும், பொட்டாசியம் பொய்யாக ஏறும். பெயர் ஒட்டுவதிலும் இதே கதைதான். ஒரே ஷிஃப்டில் நாலு 'கார்த்திக்' இருப்பார்கள். பெயரோடு ஊழியர் எண்ணையும் சரிபார்க்காவிட்டால் ரிப்போர்ட் ஆள் மாறிப் போகும்.

திடீர் நெருக்கடிகளும் வரும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் பெண் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் ஃபுட் பாய்சன் ஏற்பட்டு 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இப்படிக் கூட்டமாக வரும்போது எந்தக் கிருமி என்று சொல்ல வேண்டியது நுண்ணுயிரியல் பிரிவு. அந்த மேசைப் பக்கமே போகாமல் இன்டர்ன்ஷிப் முடித்தவரால் அங்கே என்ன செய்ய முடியும்?

காசு விஷயம்

1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி டிப்ளமோ முடித்தவருக்கு மாதம் குறைந்தபட்சம் ரூ.8,000, பட்டதாரிக்கு ரூ.9,000 உதவித்தொகை என்று அப்போது நிர்ணயிக்கப்பட்டது. ஒரகடம் ஆலைக்குள் இந்தச் சட்டப்படி அப்ரண்டிஸாக இருப்பவர் குறைந்தபட்ச உதவித்தொகையைக் கேட்டு வாங்கலாம். லேப் இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. அப்ரண்டிஸ் ஒப்பந்தம் போடாதவரை இந்தத் தொகை அதற்குப் பொருந்தாது. கொடுப்பதா, எவ்வளவு என்பதெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் கையில். பஸ் காசும் ஹாஸ்டல் வாடகையும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றால், கடைசி ஆண்டில் பகுதிநேர வேலை தேடுவது தவிர்க்க முடியாதது.

துணை மருத்துவப் பணிகளை முறைப்படுத்த 2021-ல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் முதல் பிரிவே ஆய்வகப் பணிகள்தான். படிப்புக்குக் குறைந்தபட்ச மணிநேரத்தைக்கூடச் சட்டம் சொல்கிறது. அந்த மணிநேரம் எந்த மேசையில் கழிந்தது என்பதைக் காட்டப்போவது மாணவரின் லாக் புக்தான்.

சேரும் முன் என்ன கேட்கணும்?

எந்தப் பிரிவில் எத்தனை வாரம், லாக் புக்கில் கையெழுத்துப் போடுவது யார், இரவு டியூட்டியில் சீனியர் டெக்னீஷியன் கூட இருப்பாரா? இதை எழுத்தில் வாங்குவது நல்லது. ஊசி குத்திக்கொண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடலாம். மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்பது 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதி. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ். வழக்கமான அட்டவணையில் மூன்றாவது வருவது ஆறாவது மாதத்தில். அதனால் வார்டுக்குள் போகும் முன்பே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.