கரும்பலகை தெரிகிறதா என்று கேட்கவில்லை

படிப்பு ஏறாத பிள்ளை என்று நாம் தீர்ப்பு எழுதியவர்களில் எத்தனை பேருக்குக் கண் சரியில்லாமல் இருந்தது என்று இன்று எண்ணிப் பார்த்தால் தலை நிமிராது. பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதினான். காப்பி அடிக்கிறான் என்று காதைத் திருகினோம். டி.வி.க்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்தான். இப்படிப் பார்த்தால் கண் கெட்டுப்போகும் என்று அதட்டிப் பின்னால் இழுத்தோம். கெட்டுப்போனதால்தான் அங்கே போய் உட்கார்ந்தான் என்று நமக்குத் தோன்றவேயில்லை. தலைவலி என்றால் பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி.

பிள்ளை வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் கேட்கிறோம். எப்படிச் சொல்வான்? உலகமே இப்படி மங்கலாகத்தான் இருக்கும் என்பது அவன் நினைப்பு. ஒரு கண் நன்றாக இருந்து மற்றது மங்கலாக இருந்தால் அவனுக்கே தெரியாது. மங்கிய கண் அனுப்பும் படத்தை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பது அதுதான். ஏழெட்டு வயதுக்குள் பிடித்துவிட்டால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, மங்கிய கண்ணை வேலை வாங்கிப் பெரும்பாலும் தேற்றிவிடுகிறார்கள். அதற்குமேல் போகப் போகக் கடினம். கைக்குழந்தைக்கு ஒரு கண்ணைப் பொத்தினால் சும்மா இருக்கிறது, மற்றதைப் பொத்தினால் கையைத் தட்டிவிட்டு அழுகிறது என்றால் அதுவே ஒரு அடையாளம். இதைப் பார்க்கக் காசு பணம் வேண்டாம். நாம் பார்க்கவில்லை.

மாறுகண் விஷயத்தில் நாம் செய்தது இன்னும் மோசம். அதிர்ஷ்டம் என்று கொஞ்சினோம், வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருந்தோம். பிறந்த முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது விலகுவது உண்டு. ஆறு மாதம் தாண்டியும் விலகினால் அது வைத்தியருக்கான சேதி. ஃபோட்டோவில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாக மின்னினால் பூனைக் கண் என்று சிரித்தோம். எப்போதும் ஆபத்து என்றில்லை. ஆனால் விழித்திரைப் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடியா, நாளைக்கு யார் கட்டுவான் என்று ஏழு வயதுக்காரியின் கல்யாணத்தைப் பேசினோம். வகுப்பில் ‘சோடாபுட்டி’ என்று கத்தியவனை ஒரு வாத்தியாரும் கண்டிக்கவில்லை. சிலர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். போட்டால் பவர் ஏறும் என்று கழற்றி பீரோவில் வைத்தோம். வளரும் வயதில் விழியும் நீள்வதால் பவர் ஏறுகிறது. கண்ணாடி அதற்குப் பொறுப்பல்ல. பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் நல்ல உணவு, வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணைத் தள்ளி வைக்கும். நீண்டுவிட்ட விழியை எந்தக் கீரையும் சுருக்காது.

வெளியில் வெளிச்சத்தில் ஆடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தாமதமாக வருகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. தைவானில் இதைப் பள்ளித் திட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நாமோ பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்தோம். அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததே பெற்றோராகிய நாம்தான்.

வசதி இல்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த், 1978-இல் சென்னையில் வந்த சங்கர நேத்ராலயா என்று நாடே திரும்பிப் பார்க்கும் கண் மருத்துவமனைகள் நம் ஊரில்தான் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதித்து இலவசக் கண்ணாடியும் தருகிறார்கள். பெட்டியோடு வாங்கிக் கொடுத்து ஃபோட்டோ எடுத்த பிறகு, அது பிள்ளையின் மூக்கில் ஏறியதா என்று யார் பார்த்தோம்? அப்படியே போட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பவரைச் சோதிக்க வேண்டும். சிலருக்கு ஆறு மாதத்திலேயே. சீருடைக்கு வருஷா வருஷம் புது அளவு எடுக்கிறோம். கண்ணாடி என்றால் மட்டும், “போன வருஷம்தானே வாங்கினோம், அதுக்குள்ள என்ன?”